மூன்றாவது வரிசையில் இருந்தவர்: ஒரு திரையிடலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்களுடையது ஒரு மாவட்டத் தலைநகரில் இயங்கும் சிறிய திரைப்படச் சங்கம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை ஒரு படம் போடுவோம். சந்தா கட்டியவர்கள் எழுபது பேர் சொச்சம், படத்துக்கு வருகிறவர்கள் முப்பதிலிருந்து ஐம்பது. இடம் ஒரு பழைய கட்டடத்தின் மாடி ஹால். கீழே தையல் கடை, ஞாயிறு பூட்டியிருக்கும். ப்ரொஜெக்டர் சொந்தம், ஸ்பீக்கர் வாடகை, நாற்காலி ஹால்காரர்களுடையது.

2018-ல் நாங்கள் போட்ட ஒரு படத்தையும் அதன் பிறகு நடந்தவற்றையும் பற்றியது இந்தக் குறிப்பு. அப்போது நான் செயற்குழுவில் இருந்தேன். படத்தைப் பரிந்துரைத்தவனும் நான்தான். சம்பந்தப்பட்டவர் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே இதை வெளியிடுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியோ விட்டோ எழுதியிருக்கிறேன்.

அந்த வருடம் சாப்பாட்டை மையமாக வைத்த படங்களாக மூன்று மாதத் தொடர் ஒன்று நடத்தினோம். முதல் இரண்டும் இதமான படங்கள், பார்த்தவர்கள் பசியோடு வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவதாக பீட்டர் கிரீனவே 1989-ல் எடுத்த 'தி குக், தி தீஃப், ஹிஸ் வைஃப் அண்ட் ஹெர் லவ்வர்' படத்தை வைத்தோம். சமையல்காரர், திருடன், அவன் மனைவி, அவள் காதலன் என்று தலைப்பே பாத்திரங்களின் பட்டியல்தான்.

படம்

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கதை முழுக்கத் தெரிந்தால்தான் பிறகு நடந்தது புரியும்.

ஆடம்பரமான ஒரு பிரெஞ்சு உணவகம். ஆல்பர்ட் ஸ்பீக்கா என்ற ரவுடி அதைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டான். ராத்திரிதோறும் அடியாட்களையும் மனைவி ஜார்ஜினாவையும் கூட்டிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் பெரிய மேசை போட்டு உட்காருகிறான். ஸ்பீக்காவாக மைக்கேல் காம்பன், ஜார்ஜினாவாக ஹெலன் மிர்ரன். அவன் வாய் மூடுவதே இல்லை. சாப்பாட்டைப் பற்றி, பெண்களைப் பற்றி, எதிரில் இருப்பவனின் நடத்தையைப் பற்றி ஓயாமல் பேசுகிறான். சிரித்துக்கொண்டே அவமானப்படுத்துகிறான், நினைத்தால் கை நீட்டுகிறான். இன்னொரு மேசையில் ஒருவர் தனியாகப் புத்தகம் படித்தபடி சாப்பிடுகிறார். அவருக்கும் ஜார்ஜினாவுக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசாமலேயே உறவு உண்டாகிறது. கழிப்பறையில், பிறகு சமையலறையின் சரக்கு அறைகளில், கணவன் அதே கட்டடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இருவரும் சந்திக்கிறார்கள். சமையல்காரர் மறைத்துக் காப்பாற்றுகிறார்.

ஸ்பீக்காவுக்குத் தெரிந்துவிடுகிறது. புத்தகக் கிடங்கு ஒன்றில் ஒளிந்திருந்த காதலனைப் பிடித்து, பிரெஞ்சுப் புரட்சி பற்றிய புத்தகத்தின் பக்கங்களைக் கிழித்துத் தொண்டையில் திணித்துக் கொல்கிறார்கள். அந்த உடலைச் சமைத்துத் தரும்படி ஜார்ஜினா சமையல்காரரிடம் கேட்கிறாள். கொன்று தின்பேன் என்று ஸ்பீக்கா முன்பு கத்தியிருந்தான் அல்லவா, அவன் சொல்லையே தட்டில் வைத்து அவன் முன் நீட்டுகிறாள். துப்பாக்கி முனையில் ஒரு வாய் தின்ன வைத்துவிட்டுச் சுடுகிறாள்.

படம் எடுக்கப்பட்ட விதம் வேறு உலகம். வெளியே வண்டிகள் நிற்கும் இடம் நீலம், சமையலறை பச்சை, கூடம் சிவப்பு, கழிப்பறை வெள்ளை. கேமரா சுவரைத் தாண்டிப் பக்கவாட்டில் நகர நகர, ஜார்ஜினாவின் உடையும் அந்தந்த அறையின் நிறத்துக்கு மாறுகிறது. உடைகள் ழான்-பால் கோட்டியே, ஒளிப்பதிவு சாஷா வியர்னி. மைக்கேல் நைமனின் இசையில் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கனத்த அணிவகுப்பு படத்துக்காகப் போட்டதல்ல. 1985-ல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் கால்பந்து மைதானத்தில் இறந்த 39 பேர் நினைவாக எழுதியது. கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1616-ல் வரைந்த படைத்தளபதிகளின் விருந்து ஓவியம் தொங்குகிறது. அதன் கீழே ஸ்பீக்காவின் ஆட்கள் அதே தளபதிகளைப் போல இடுப்பில் பட்டை கட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முதல் ஷாட்டில் திரை விலகும், கடைசியில் திரை விழும். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் காலத்துப் பணத்திமிரின் மீது எழுந்த கோபமாக இதைப் படித்தவர்கள் அதிகம். நானும் அறிமுக உரைக்கு அதைத்தான் தயார் செய்து வைத்திருந்தேன்.

முன்கூட்டி எடுத்த முடிவுகள்

செயற்குழுவில் ஐந்து பேர், ஐவரும் ஆண்கள். படம் போடலாமா என்ற பேச்சு ஒன்றரை மணி நேரம் நடந்தது. முழுக்க முழுக்க நிர்வாணத்தைப் பற்றித்தான். அது எங்கே எங்கே வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, ஹால்காரர்கள் என்ன சொல்வார்கள், குடும்பத்தோடு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள். ஒருவர் குறிப்பிட்ட காட்சிகளை வேகமாக ஓட்டிவிடலாம் என்றார். அதற்குப் போடாமலேயே இருக்கலாம் என்று மற்றவர்கள் மறுத்தோம்.

அமெரிக்காவில் இந்தப் படத்துக்குத் தரச்சான்று கேட்டபோது ஆபாசப் படங்களோடு சேர்த்துப் பேசப்பட்ட 'எக்ஸ்' கிடைத்தது. வினியோகஸ்தர் சான்றே வேண்டாம் என்று 1990-ல் வெளியிட்டார். அந்த ஆண்டே 'எக்ஸ்' போய் 'என்.சி.17' என்ற புதுப் பிரிவு வந்தது. இதையெல்லாம் படித்துவிட்டு, அவர்களைவிட நாம் பக்குவமானவர்கள் என்ற நினைப்பு எங்களுக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முடிவாகச் செய்தவை: உறுப்பினர்களுக்கு மட்டும், 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். ஸ்பீக்காவின் வேகமான ஆங்கிலம் பலருக்கு ஓடாது என்பதால் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு அச்சடித்தோம். கதையில் பாதியைச் சொன்னோம், முடிவைச் சொல்லவில்லை. குறிப்பின் அடியில் ஒரே வரி: 'நிர்வாணக் காட்சிகளும் வன்முறையும் உண்டு.'

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் இடைவேளை கிடையாது. ஆனால் எங்கள் வழக்கப்படி நடுவில் நிறுத்தி டீயும் வடையும் கொடுப்பது என்று வைத்தோம். இந்தப் படத்துக்கு வடை சொன்ன கைக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

அன்று மாலை

நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள், அதில் ஒன்பது பெண்கள். படத்தின் தொடக்கமே கடுமை. கடன்பட்ட ஒருவனை நிர்வாணமாக்கி நாய்க் கழிவைப் பூசுகிறார்கள். பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் எழுந்து போனார்கள். இது எதிர்பார்த்ததுதான். வாசலில் நின்ற எங்கள் ஆள் அவர்களுக்கு வணக்கம் சொல்லி அனுப்பினார். காதலர்களின் காட்சிகள் வந்தபோது ஹாலில் ஒரு சலசலப்பும் இல்லை. நாங்கள் பயந்த இடம் பத்திரமாகக் கடந்துபோனது. ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம்.

மூன்றாவது வரிசையில் நான்கு வருடமாகத் தவறாமல் வரும் ஓர் உறுப்பினர் இருந்தார். நாற்பதுகளில் இருப்பவர், அலுவலக வேலை, படம் முடிந்ததும் நல்ல கேள்விகள் கேட்பவர். முதல் பாதியில் அவர் நாற்காலியில் முன்னே குனிந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ப்ரொஜெக்டர் பக்கத்திலிருந்து பார்த்தேன். படம் அவரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இடைவேளையில் அவர் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். எங்களில் ஒருவர் டீயோடு போய், "என்ன மேடம், போர் அடிக்குதா?" என்று கேட்டார். அவர் இல்லை என்று தலையசைத்தார், டீயை வாங்கிக்கொண்டார். படம் மறுபடி தொடங்கியபோது உள்ளே வரவில்லை. நாங்களும் கவனிக்கவில்லை. வடை முக்கால்வாசி மிச்சம்.

விளக்கு போட்ட பிறகு கலந்துரையாடல். முதலில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பேசினார். "பிள்ளைக்கறி நமக்குத் தெரியாததா சார்?" என்று ஆரம்பித்து, திருச்செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டர் கதைக்குப் போனார். அங்கே பெற்றவர்கள் பக்திக்காகச் சமைத்தார்கள், இங்கே ஒருத்தி பழிக்காகச் சமைக்கச் சொல்கிறாள், இரண்டு இடத்திலும் பரிமாறுகிறவர் கைதான் நடுங்கவில்லை என்றார். அடுத்து பாஞ்சாலியின் விரித்த கூந்தல் வந்தது. சபையில் நடந்ததற்குச் சபையிலேயே பதில் என்று ஒருவர் சொல்ல, நான் தாட்சரைக் கொண்டுவந்தேன். பேச்சு சூடாகவும் நன்றாகவும் போனது. எங்கள் சங்கத்தின் சிறந்த கலந்துரையாடல்களில் இதுவும் ஒன்று என்று அப்போது நினைத்தேன்.

கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "இவ்வளவு கொடுமைக்காரன்னா அந்தம்மா முதல்லயே விட்டுட்டுப் போயிருக்கலாமே? எதுக்கு தினமும் வந்து பக்கத்துல உக்காரணும்?"

கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். அப்போது கதவோரம் குரல் கேட்டது. படியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தார்.

"அந்த மேசைல எத்தனை பேர் உக்காந்திருந்தாங்கன்னு யாராவது எண்ணினீங்களா தம்பி?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. "எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க."

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தேன்.

தொடர்ந்து வந்த வாரங்கள்

இரண்டு விஷயங்கள் நடந்தன. முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லலாம். எழுந்து போன மூவரில் ஒருவர் ஹால் நிர்வாகத்திடம் நீலப்படம் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டார். தமிழ்க் குறிப்பு, வயதுக் கட்டுப்பாட்டு அறிவிப்பு, உறுப்பினர் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் காட்டினோம். இனிமேல் படத்தின் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். ஐந்து பேர் ஒன்றரை மணி நேரம் பயந்தது இதற்குத்தான். தீர்க்க இருபது நிமிடம் ஆனது.

இரண்டாவது, அந்த உறுப்பினர் அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. என்ன செய்வது என்று செயற்குழுவில் கருத்து வேறுபாடு. விட்டுவிடலாம், தொந்தரவு செய்யக் கூடாது என்றார் ஒருவர். போன் போட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்றார் இன்னொருவர். எதற்கு மன்னிப்பு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. படத்தைப் போட்டது தப்பு என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

இடையில் நான் படத்தை வீட்டில் திரும்பப் போட்டுப் பார்த்தேன், இந்த முறை மேசையை மட்டும். ஸ்பீக்கா மனைவியின் கையைத் தட்டுகிறான், அவள் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிறான், அவள் எழுந்து போனால் எங்கே போனாள் என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறான். ஒவ்வொரு முறையும் சுற்றி இருப்பவர்களைக் கவனித்தேன். ஒருவன் கண்ணைத் தாழ்த்துகிறான். ஒருவன் சிரிக்கிறான், சிரிக்காவிட்டால் அடுத்த அடி தனக்கு என்று தெரிந்த சிரிப்பு. முட்கரண்டிகள் நிற்பதே இல்லை. பரிமாறுகிறவர்கள் அடுத்த தட்டோடு வருகிறார்கள். இது ராத்திரிக்கு ராத்திரி நடக்கிறது. புது ராத்திரி தொடங்கும்போதெல்லாம் அன்றைய மெனு அட்டை திரையில் வருகிறது. முதல் தடவை பார்த்தபோது அந்த அட்டைகளின் அழகைத்தான் கவனித்திருந்தேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மாணவரின் கேள்விக்குப் படத்திலேயே பதில் இருக்கிறது. செத்துக் கிடக்கும் காதலனின் பக்கத்தில் உட்கார்ந்து, கணவன் தன்னை என்னவெல்லாம் செய்தான் என்று ஜார்ஜினா மெல்லிய குரலில் சொல்கிறாள். நிறமும் இசையும் ஆட்டமும் அடங்கிப்போன காட்சி. உயிரோடு இருக்கும் யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. எங்கள் கலந்துரையாடலில் அந்தக் காட்சியை ஒருவரும் தொடவில்லை, நானும்தான்.

கடைசியில், எங்களில் யாரும் போவதில்லை, அவருக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பெண் உறுப்பினரைக் கேட்டுக்கொள்வது என்று முடிவானது. மூன்று விஷயங்களைப் பேசி வைத்தோம். சொந்த வாழ்க்கையைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது. திரும்பி வாருங்கள் என்று வற்புறுத்தக் கூடாது. எங்கள் குறிப்பில் என்ன குறை என்று மட்டும் கேட்க வேண்டும், அதுவும் அவருக்கு இஷ்டம் இருந்தால்.

போனவர் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினார். என்ன பேசினார்கள் என்பது முழுவதும் எங்களுக்குத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. எங்களுக்கென்று சொல்லி அனுப்பியது இவ்வளவு: "படம் போட்டதுக்குக் கோபமில்ல. நிர்வாணம்னு எழுதினீங்க, அதுக்குத் தயாராத்தான் வந்தேன். புருஷன் சாப்பாட்டு மேசைல உக்காந்து பேசிக்கிட்டே இருப்பான்னு யாரும் எழுதலையே."

அதோடு எங்கள் அச்சுக் குறிப்பையும் திருப்பி அனுப்பியிருந்தார். கடைசி வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் நீல மையில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தது: 'கணவன் மனைவியைப் பிறர் முன்னிலையில் தொடர்ந்து அவமானப்படுத்துவதும் அடிப்பதும் படம் நெடுக வரும், யாரும் தடுக்க மாட்டார்கள்.'

இரண்டாம் முறை

ஏழு மாதம் கழித்து, பக்கத்து ஊர்ச் சங்கம் இதே படத்தைச் சேர்ந்து போடலாமா என்று கேட்டது. எங்கள் குழுவில் அதற்குள் இரண்டு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். இந்த முறை பேச்சு வேறு மாதிரிப் போனது.

அவர் எழுதிய வாக்கியத்தை அவருடைய அனுமதியோடு அப்படியே அச்சடித்தோம். அதன் கீழே பெண்களுக்கான உதவி எண் 181. இந்த எண்ணைப் போடுவதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. கலைப்படக் குறிப்பா, ஆஸ்பத்திரிச் சுவரொட்டியா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். படம் எல்லாவற்றையும் அலங்காரமாக, தூரத்தில் வைத்துக் காட்டுகிறது. ஒரு தொலைபேசி எண் அந்தத் தூரத்தைக் கலைத்துவிடும். இருந்தாலும் போட்டோம், ஆறாம் எழுத்தளவில், பக்கத்தின் அடியில். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது. அது அடிப்பதோடு நிற்கவில்லை, அவமானப்படுத்தும் பேச்சையும் வன்முறை என்று கணக்கில் எடுக்கிறது. இதை எதிர்த்தவரிடம் சொன்னபோது, அவர் சட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, எழுத்தளவைக் குறைக்கச் சொன்னார். குறைத்தோம்.

இடைவேளையை எடுத்துவிட்டோம். டீ படத்துக்கு முன்னால். பின்கதவைத் திறந்து வைத்து, எப்போது வேண்டுமானாலும் போகலாம் வரலாம், காரணம் யாரும் கேட்கமாட்டார்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னோம். வெளியே படியருகே ஒரு பெண் உறுப்பினர் உட்கார்ந்திருந்தார், தானாகப் போய்ப் பேசுவதில்லை என்ற ஏற்பாட்டோடு.

முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். குறிப்பைப் படித்துவிட்டு இரண்டு பெண்கள் படம் தொடங்கும் முன்பே கிளம்பினார்கள். முதல் முறை இப்படி யாரும் போகவில்லை. இதைத் தோல்வி என்று ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடுவில் நான்கு பேர் வெளியே போனார்கள், அதில் இருவர் ஆண்கள். மூன்று பேர் திரும்பி வந்தார்கள். கலந்துரையாடலை நான் நடத்தவில்லை, புதிதாகச் சேர்ந்த பெண்களில் ஒருவர் நடத்தினார். முதல் கேள்வியே மேசையில் இருந்தவர்களைப் பற்றியதாக இருந்தது. தாட்சர் கடைசி ஐந்து நிமிடத்தில் வந்தார், வந்ததும் சரியாகவே பொருந்தினார்.

மாற்றியவையும் மாற்றாதவையும்

இப்போது எந்தப் படத்துக்கும் குறிப்பு எழுதும் முன், குழுவுக்கு வெளியே இருக்கும் இருவர் அதைப் பார்த்துவிடுவார்கள். அதில் ஒருவர் பெண். 'வன்முறை' என்ற ஒற்றைச் சொல்லை நாங்கள் எழுதுவதில்லை. யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்று எழுதுகிறோம். அமெரிக்கத் தரச்சான்றைப் பார்த்துச் சிரித்த நாங்களும் ஒரே ஓர் எழுத்துக்குப் பதில் ஒரே ஒரு வரியைத்தான் வைத்திருந்தோம்.

முடிவைக் குறிப்பில் சொல்லிவிடலாமா என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. நரமாமிசம் என்பதைச் சொல்லாமல் விட்டால் சிலருக்கு அதிர்ச்சி தாங்காது, சொன்னால் படத்தின் கடைசி இருபது நிமிடம் பாழ். இரண்டாம் முறையும் சொல்லவில்லை. யாரும் குறை சொல்லவில்லை என்பதால் அது சரியான முடிவு என்று ஆகிவிடாது.

மறுபடி செய்வதானால் ஒன்றை வேறு மாதிரிச் செய்வேன். அன்று அவர் கதவருகே நின்று கேட்டபோது கூட்டத்தை முடித்திருக்கக் கூடாது. மேசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் போல நாங்களும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருக்கலாம், அல்லது அந்தத் தம்பியே பதில் சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். பிறகு அந்த மாணவர் என்னிடம் வந்து, தான் ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டேனா என்றார். படத்தைக் கொடுத்து, மேசையை மட்டும் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். பதினோரு பேர் வரை எண்ணினேன், ராத்திரிக்கு ராத்திரி ஆள் மாறுகிறது சார் என்றார்.

அந்த உறுப்பினர் இரண்டாம் திரையிடலுக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதப் படத்துக்கு வந்தார். மூன்றாவது வரிசையில் உட்காரவில்லை, கதவுப் பக்கம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். குறிப்பை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசி வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.